இரண்டாம் தெருவுக்கு வழி

தோமையார்துறையில் ததேயுஸின் முகத்தை மறந்தவர்கள் இருக்கலாம், குரலை மறந்தவர்கள் கிடையாது. திருவிழாக் கொடியேற்றம், கல்யாண ஓலை, சாவு அறிவிப்பு, மண்ணெண்ணெய் வந்த சேதி, கரைக்கு வராத வள்ளத்தைத் தேடிப் போக ஆள் கூப்பிடுவது, எல்லாம் கோயில் மணிக்கூண்டில் கட்டிய இரண்டு ஒலிபெருக்கிக் குழாய் வழியாக அவன் குரலில்தான் ஊருக்குள் இறங்கும். பதின்மூன்று வயதில் அப்பா அவனைக் கடலுக்குக் கூட்டிப் போனார். மூன்று நாள் தொடர்ந்து வாந்தி. நான்காம் நாள் அவரே கையைப் பிடித்து நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய் ஒரு மைக்செட் கடையில் விட்டார். அங்கே பதினொரு வருஷம் வயர் சுருட்டினான். பிறகு சொந்தமாக ஒரு ஆம்ப்ளிஃபயரும் நான்கு குழாயும் வாங்கிக்கொண்டு ஊருக்கே திரும்பி வந்தான். பிலோமியைக் கட்டினான். கடலுக்குப் போகாத ஆண் என்ற குறை அவனுக்கு இருந்தது. ஆனால் மைக்கைக் கையில் எடுத்துவிட்டால் கடலுக்குப் போகிறவர்களும் நின்று காது கொடுப்பார்கள் என்ற சின்ன கர்வமும் கூடவே இருந்தது.

2004, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து ஜனங்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மணிக்கூண்டுக்குக் கீழே உள்ள மைக் அறையில் ததேயுஸ் மட்டும் இருந்தான். சாயங்காலம் பிள்ளைகளின் கலைநிகழ்ச்சி இருந்ததால் ஆம்ப்ளிஃபயரை அணைக்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேற்குச் சன்னல் வழியாகப் பார்த்தபோது கடல் பின்னால் போயிருந்தது. அதுவரை வலைக்காரர்களின் கால் மட்டுமே அறிந்த பாறைகள் எல்லாம் வெயிலில் தெரிந்தன. பிள்ளைகள் சட்டியும் கூடையுமாக ஓடி, துள்ளுகிற மீனைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவனும் சிரித்தபடி பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு மஞ்சள் உடுப்பு பாறைமேல் ஏறிக் கையை ஆட்டுவதைக்கூடப் பார்த்தான்.

பிறகு தூரத்தில் ஒரு கோடு எழுந்தது. சத்தம் வந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது.

அந்த நேரத்தில் அவன் என்ன செய்தான் என்பது நெடுநாள் அவன் ஒருவனுக்கு மட்டுமே தெரிந்திருந்தது. மைக் மேசைமேல், கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது. அவன் அதை எடுக்கவில்லை. ஆம்ப்ளிஃபயரைத் திருப்பி, பின்பக்கத்தில் குழாய் வயர்களின் திருகுகளை நகத்தால் கழற்றினான். நான்கு திருகுகள். ஒன்று இறுகிப்போயிருந்தது, அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினான். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிழக்கு வாசல் வழியாக மேட்டுச் சாலைக்கு ஓடினான். பிலோமி அன்று கொட்டாரம் ஊரில், அம்மா வீட்டில் இருந்தாள்.

அலை கோயில் சுவரைத் தாண்டி மூன்று தெருவை வழித்துக்கொண்டு போனது.

அன்று மத்தியானமே அந்த ஆம்ப்ளிஃபயர் தேவைப்பட்டது. சாலையோரத்துப் பள்ளிக்கூடத்தில், ஒரு வேன் பேட்டரியில் கோத்து, காணாமல் போனவர்களின் பெயர்களை அவன் வாசித்தான். இரண்டு நாள் விடாமல் வாசித்தான். "ஜெனிலா, எட்டு வயசு, மஞ்ச உடுப்பு. கண்டவங்க பள்ளிக்கூடத்துக்கு வந்து சொல்லணும்." அப்படி அவன் அந்தப் பெயரை எத்தனை தடவை வாசித்தான் என்று கணக்கில்லை. தாய் டெல்சி பெஞ்சில் உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் பிள்ளை கிடைத்தது. கோயில் தோட்டத்தில் மற்றவர்களோடு சேர்த்து அடக்கம் செய்தார்கள். அடுத்த ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார், உயிரைப் பணயம் வைத்து ஒலிபெருக்கியைக் காப்பாற்றிய ததேயுஸுக்கு ஊர் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது என்றார். ததேயுஸ் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அடக்கமான மனுஷன் என்று பேசிக்கொண்டார்கள்.

அதன்பிறகு ஒரு வருஷத்துக்கு அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஆளில்லாத மத்தியானங்களில் அந்தப் பாறையிலிருந்து மேட்டுச் சாலை வரைக்கும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பான். நடந்தால் மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஓடிப்பார்த்தான், ஒரு நிமிஷம் இருபது விநாடி. எட்டு வயசுப் பிள்ளை ஓடினால்? ஒன்றரை நிமிஷம் என்று வைத்துக்கொண்டான். திருகு கழற்ற எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க மட்டும் அவனுக்குத் துணிவு வரவில்லை.

2007இல் சாலைக்கு அந்தப்புறம் காலனி எழுந்தது. பதினொரு தெரு, நூற்று முப்பத்திரண்டு வீடு. எல்லாவற்றுக்கும் ஒரே நீலம், ஒரே சன்னல், ஒரே வாசல்படி. கடற்கரையில் கண்ணைக் கட்டிவிட்டாலும் வீடு போய்ச் சேருகிறவர்கள் இங்கே பட்டப்பகலில் வழி தவறினார்கள். மரியான் கடலிலிருந்து வந்த அசதியில் வேறொரு வீட்டுக்குள் நுழைந்து, மூடி வைத்திருந்த சோற்றைத் தின்றுவிட்டு, பாயை விரித்துப் படுத்துவிட்டான். அந்த வீட்டுக்காரி கிரேசி மீன் விற்றுவிட்டு வந்து, அவன் எழுந்திருக்கும்வரை தலைமாட்டில் உட்கார்ந்திருந்து, குழம்பில் உப்பு சரியாக இருந்ததா என்று கேட்டாளாம். தபால்காரர் எல்லாக் கடிதத்தையும் காலனி முக்கில் ததேயுஸ் போட்டிருந்த கடையிலேயே போட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார். அப்போது அவன் மைக்செட்டோடு, மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுக்கிற வேலையும் பார்த்தான். வழி கேட்டு நாளைக்கு இருபது பேர் கடை வாசலில் நிற்பார்கள்.

பெயர்ப்பலகை வைக்கலாம் என்று 2011இல் ஊர்க் கமிட்டி சொன்னது. பலகையை யார் வாசிக்கப் போகிறார்கள், நான் வேறொன்று செய்து தருகிறேன் என்றான் ததேயுஸ். எதற்காக அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே அப்போது தெளிவாகத் தெரியாது. ஊரில் எல்லோருக்கும் மைக்கைக் கொடுத்துவிட வேண்டும் என்று மட்டும் மனசுக்குள் இருந்தது.

சின்னமுட்டம் துறைமுகத்தில் உடைத்த ஒரு விசைப்படகின் சுக்கான் சக்கரத்தைக் கேட்டு வாங்கி வந்தான். முக்கில் ஒரு இரும்புக் கம்பம் நட்டு அதன் இடுப்பில் சக்கரத்தைப் பொருத்தினான். கம்பத்தின் உச்சியில் பிஸ்கட் டின்னை வெட்டிச் செய்த ஒரு தகர மீன். சக்கரத்தைச் சுற்றினால் ஒரு சைக்கிள் சங்கிலி மீனைச் சுற்றும். மீனின் வாய் ஒரு தெருவுக்கு நேராக வந்து நின்றால் உள்ளே ஒரு சுவிட்ச் அமுங்கும். கம்பத்தில் கட்டிய குழாய் வழியாக அந்தத் தெருக்காரர் ஒருவர் பேசுவார்: எப்படி வரவேண்டும் என்று வழி, பிறகு தன்னைப் பற்றி ஒரு கதை. கம்பத்தடியில் உள்ள பெட்டிக்குள் அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயரைத்தான் வைத்தான். ஏழு வருஷமாக அதை அவன் விற்கவும் இல்லை, வேறு வேலைக்கு எடுக்கவும் இல்லை.

இரண்டு தெருவுக்கு நடுவில் மீனை நிறுத்திவிட்டால் கிரேசியின் குரல் ஏசும். "ஏலே, எங்க பாத்துட்டு நிக்க? இன்னும் கொஞ்சம் திருப்பு மக்கா." அந்த ஏச்சைக் கேட்பதற்காகவே சின்னப் பிள்ளைகள் வேண்டுமென்று நடுவில் நிறுத்தின. மீனுக்கு வர்ணம் அடித்தவன் மரியான். இரண்டு பக்கமும் கண் வைத்தான். ஒரு கண் கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது.

குரல்களைப் பதிவுசெய்ய ஒரு மாதம் ஆயிற்று. மத்தியானங்களில் ஒவ்வொரு தெருவாகப் போய் உட்கார்ந்தான். பதினோராம் தெருவில் மரியான், அலை வந்த அன்று தான் ஓடிய கதையைச் சொன்னான். சட்டையும் இல்லாமல், படுத்திருந்த அம்மையையும் எழுப்பாமல் சாலைக்கு ஓடியவன், நின்று மூச்சு வாங்கினபோது பின்னால் அம்மை நடந்து வந்தாளாம். "கையில எனக்க சட்ட. போட்டுக்க மக்கா, ஊரு பாக்குதுன்னா. சாவுறது வரைக்கும் அதையே சொல்லிச் சிரிச்சுக் களியாக்கினா என்னைய." சொல்லிவிட்டு மரியான் குலுங்கிச் சிரித்தான்.

ததேயுஸுக்குச் சிரிப்பு வரவில்லை. இதை நிஜமாகவே போடட்டுமா, வருகிறவன் போகிறவன் எல்லாம் கேட்பானே என்றான்.

"போடு லே. நடந்ததுதானே," என்றான் மரியான்.

அம்மையை விட்டு ஓடியதை இவனால் குழாயில் சொல்ல முடிகிறது என்ற நினைப்பு இரண்டு மூன்று நாள் ததேயுஸின் நெஞ்சில் கிடந்து உறுத்தியது. ததேயுஸின் வீடு இருந்தது நான்காம் தெருவில். அந்தத் தெருவுக்குத் தான் பேசாமல் பக்கத்து வீட்டுக்காரரைப் பேச வைத்தான்.

இரண்டாம் தெருவுக்கு டெல்சி. அவள் தையல் மெஷினில் இருந்தபடியே பேசினாள். ததேயுஸ் செல்போனை ஒரு துணிக்கட்டின்மேல் சாய்த்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தான்.

"ரெண்டாம் தெருவுக்கு வரணும்னா தண்ணித் தொட்டிக்கு எடதுபக்கம் திரும்பணும். செம்பருத்தி நிக்குத வீடு எங்களுக்க வீடு," என்று ஆரம்பித்தாள். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "கத எனக்க மக ஜெனிலாவுக்க கததான் சொல்லுவேன். அவ இந்தக் காலனிய கண்டதில்ல. இருந்தாலும் ரெண்டாம் தெருக்காரிதான். வீட்டுல நான் தொண்ட வறள விளிச்சாலும் வரமாட்டா. கடக்கரையில களிச்சிட்டே நிப்பா. மைக்குல ததேயுஸ் அண்ணன், பிள்ளைகளெல்லாம் ஞானோபதேசத்துக்கு வாங்கன்னு ஒரு தடவ சொன்னாப் போதும், எங்க நின்னாலும் ஓடி வந்துருவா. கடவுளுக்குச் சளி பிடிச்சா ததேயுஸ் மாமா மாதிரிதான் பேசுவாருன்னு சொல்லுவா," என்று முடித்தபோது அவள் முகம் மலர்ந்திருந்தது. மகளைப் பற்றிச் சிரித்துக்கொண்டு பேச அவளுக்கு ஏழு வருஷம் ஆகியிருந்தது. சரியாக வந்திருக்கிறதா என்று கேட்டாள்.

நல்லா வந்திருக்கு என்று சொல்லிவிட்டு ததேயுஸ் எழுந்தான். தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நடந்து, அதன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். ஒரு தடவை சொன்னால் போதும். இதுவரைக்கும் அவனுக்கு ஒரு சமாதானம் இருந்தது. சொல்லியிருந்தாலும் யார் கேட்டிருப்பார்கள், ஆளுக்கொரு திசையில் ஓடித் தடுமாறியிருப்பார்கள் என்று சொல்லிக்கொள்வான். அந்தச் சமாதானம் அன்றோடு போயிற்று.

கடைக் கம்ப்யூட்டரில் மற்றவர்களின் பேச்சை இருமல், தும்மல் நீக்கிச் சரிசெய்தான். டெல்சியின் பேச்சில் செம்பருத்தி வீடு என்பது வரைக்கும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டினான். அழித்துவிடக் கை போகவில்லை. வேறொரு கார்டில் ஏற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டான்.

2011 செப்டம்பரில் மாதா திருநாள் அன்று மீன் பேச ஆரம்பித்தது. சாமியார் முதல் சுற்று சுற்றினார். பிறகு ஊரே வரிசையில் நின்றது. மரியானின் கதைக்கு எல்லோரும் சிரித்தார்கள், மரியானும் முதல்தடவை கேட்பவன்போல நின்று கேட்டான். டெல்சி புதுச் சேலை கட்டி, புருஷனோடு வந்திருந்தாள். அவன் கொச்சிப் படகிலிருந்து இதற்காகவே லீவு போட்டு வந்திருந்தான். அவள்தான் சக்கரத்தைச் சுற்றினாள். மீன் இரண்டாம் தெருவைப் பார்த்து நின்றது. தண்ணீர்த் தொட்டி, இடதுபக்கம், செம்பருத்தி. அவ்வளவுதான். குழாய் அடங்கியது. டெல்சி இன்னும் வரும் என்பதுபோலத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் நின்ற பிள்ளை தள்ளியதும் விலகினாள். புருஷன் ஏதோ கேட்டான். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

ததேயுஸ் இதையெல்லாம் கடைக்குள்ளிருந்து பார்த்தான். வயர் ஒன்று சூடாகிறது என்று சொல்லிக்கொண்டு குனிந்துகொண்டான்.

இரண்டு வாரம் கழித்து அவள் கடைக்கு வந்தாள். சண்டை போட வரவில்லை. நீளம் கூடிப்போனதா, சாவுக் கதை வழிகாட்டுகிற இடத்தில் வேண்டாமென்று கமிட்டியில் யாராவது சொன்னார்களா என்று தணிந்த குரலில் கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பிவிட்டுப் போயிருப்பாள். ததேயுஸுக்கு அந்த ஆமாம் நாக்கு நுனிவரை வந்தது. நாளைக்கு வீட்டுக்கு வந்து சொல்கிறேன் என்றான்.

மறுநாள் முற்பகலில் போனான். டெல்சி யாருடைய ரவிக்கைக்கோ கை தைத்துக்கொண்டிருந்தாள். அவன் உட்காரவில்லை. நிலைப்படியில் நின்றபடியே சொன்னான். சன்னல் வழியாகப் பார்த்தது, சத்தம் கேட்டது, மேசைமேல் மைக் இருந்தது, திருகு கழற்றியது. நான்காவது திருகு இறுகியிருந்ததையும் சொன்னான். மெஷின் நின்றுவிட்டது.

"மைக்கு ஆன்ல இருந்துதா?" என்று கேட்டாள்.

"இருந்தது."

"பிள்ளைய கண்டீங்களா?"

"மஞ்ச உடுப்பு ஒண்ணு கண்டேன். யாருன்னு அப்பம் தெரியாது."

அவள் ஏசவில்லை. அழவும் இல்லை. துணியை இரண்டாக, நாலாக மடித்தாள். ததேயுஸுக்கு அவள் ஏசினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. எழுந்து வந்து கன்னத்தில் ஒன்று கொடுத்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு மைக்கிலேயே ஊருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றான்.

டெல்சி நிமிர்ந்து பார்த்தாள். "ஊருக்குச் சொல்லி எறக்கி வைக்கப் போறீங்களா? வேண்டாம். ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

பிறகு, மகளைப் பற்றிப் பேசியதை அழித்துவிட்டானா என்று கேட்டாள். இல்லை, பத்திரமாக இருக்கிறது என்றான்.

"அப்பம் அதப் போடுங்க. முழுசாப் போடுங்க," என்றாள். அவன் இன்னும் நிற்பதைப் பார்த்து, "போங்க," என்றாள்.

அன்று மாலையே போட்டான்.

இரண்டாம் தெருக் கதை பரவியது. சாமியார் அதைப் பிரசங்கத்தில் சொன்னார். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து, மீனைத் திருப்பி, கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். துடைத்த கையோடு கடைக்குள் எட்டிப் பார்த்து, அந்த ததேயுஸ் நீங்கள்தானா என்று கேட்பார்கள். காலனிப் பிள்ளைகள் அவனைச் சளிபிடித்த கடவுள் என்று கூப்பிட ஆரம்பித்தன. வளர்ந்தவர்கள் அதட்டினார்கள். ததேயுஸ் அதட்டவில்லை. கடை முக்கிலேயே இருந்ததால் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை அந்தக் கதை அவன் காதில் விழும். கடையை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று பிலோமி சொன்னாள். டெல்சிக்குப் பிறகு அவளிடம் மட்டும் அவன் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். கேட்டுவிட்டு அவள், நான் அந்தப் பெட்டியைக் காப்பாற்றிய பெயரில் வந்த சோற்றைத்தானே இத்தனை நாள் தின்றேன் என்று சொல்லி அன்று முழுக்க அடுப்பு மூட்டாமல் இருந்தாள். கடையை மாற்றவில்லை.

மைக் முன்னால் நின்று பேசுவதை மட்டும் ததேயுஸ் விட்டுவிட்டான். குழாய் கட்டுவான், வயர் இழுப்பான், சத்தம் சரிபார்ப்பான். அறிவிப்பு என்றால் மைக்கை வேறு யார் கையிலாவது கொடுத்துவிடுவான். குரல் போய்விட்டதா என்று கேட்டவர்களிடம் ஆமாம் என்றான். டெல்சி எதிரில் வந்தால் தெருவின் மறுபக்கம் போக மாட்டாள். நேராகத்தான் நடந்து வருவாள், பார்க்க மாட்டாள். பிலோமி வேறு ஆள் மூலம் ரவிக்கைத் துணி கொடுத்தனுப்பினால், யாருடையது என்று தெரிந்தும் தைத்துக் கொடுத்தாள். இப்படியே ஐந்து வருஷம் போனது.

2016இல் தண்ணீர்த் தொட்டியை இடித்துவிட்டுப் புதிய தொட்டியை ஆறாம் தெருப் பக்கம் கட்டினார்கள். சாலையும் கொஞ்சம் திரும்பியது. மீன் காட்டிய வழியில் பாதி தப்பாகிப்போனது. பதினொரு தெருவுக்கும் மறுபடி பதிவுசெய்ய வேண்டியிருந்தது. கிரேசி வந்தாள், ஏச்சையும் புதிதாக ஏசிவிட்டுப் போனாள். மரியானுக்குப் பல் இரண்டு போய்விட்டதால் கதை சொன்னதைவிடச் சிரித்ததுதான் அதிகம். இரண்டாம் தெருவை ததேயுஸ் கடைசியில் வைத்திருந்தான். யாரிடம் சொல்லி அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு நாள் காலையில் டெல்சியே கடைப்படி ஏறினாள். தலையில் நரை தெரிந்தது. அவன் எழுந்து நாற்காலியைத் துடைத்தான். அவள் உட்காரவில்லை.

"ஓடுதா?" என்று கேட்டாள். அவன் பட்டனை அமுக்கித் தலையை ஆட்டினான்.

"ரெண்டாம் தெருவுக்கு வரணும்னா ரேஷன் கடைக்கு எடதுபக்கம் திரும்பணும். செம்பருத்தி நிக்குத வீடு எங்களுக்க வீடு," என்றாள். பதிவை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

"வழி மட்டும்தான் மாறிருக்கு. பிள்ளைக்க கத பழசே இருக்கட்டும்," என்றாள்.

புதியதையும் பழையதையும் ஒட்டினால் குரல் வித்தியாசம் தெரியும் என்று ததேயுஸ் சொன்னான். அவளிடம் ஐந்து வருஷத்தில் அவன் பேசிய முதல் பேச்சு அதுதான். தெரியட்டும் என்றாள். தன் கண் முன்னாலேயே ஒட்டச் சொன்னாள். அவன் ஒட்டினான். கேட்டுப்பார்த்தார்கள். வழி சொன்ன குரல் கரகரத்திருந்தது, மகளைப் பற்றிச் சொன்ன குரலில் சிரிப்பு இருந்தது. நடுவில் ஒரு மூச்சளவு இடைவெளி கூடுதலாக இருக்கிறது, அதைக் குறைக்கச் சொன்னாள். குறைத்தான். இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள். சரி என்று சொல்லிவிட்டு, படியிறங்கி, வெயிலுக்குச் சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு ரேஷன் கடைப் பக்கம் நடந்தாள்.

ததேயுஸ் கார்டை எடுத்துக்கொண்டுபோய்க் கம்பத்துப் பெட்டியைத் திறந்தான்.